கொடிமரத்தடியில் ஓர் இடம்

புன்னைத்துறைப் பங்கில் வேதபாடம் கற்பித்த முன்னாள் உபதேசியாரும், காலஞ்சென்ற சூசைமரியான் மொராயிஸ் அவர்களின் மூத்த குமாரருமான திருவாளர் இஞ்ஞாசி மொராயிஸ் அவர்கள், இங்கே சொல்லப்படும் காரியம் நடந்த ஆண்டில் எழுபத்தொரு வயதும் நான்கு மாதமும் நிறைந்தவராக இருந்தார்.

அந்த வயதில் ஒருவர் மாணாக்கராகச் சேர்வது அந்தக் கடற்கரையில் வழக்கம் அன்று. அதுவும் நாடகம் பழக. அதுவும் தம்மைவிட ஏழு வயது இளையவரிடம்.

ஆயினும் மாசி மாதத்து ஒரு முற்பகலில், வெளுத்த வேட்டியும் தோளில் மடித்த துண்டுமாக, வெற்றிலை பாக்குத் தட்டை ஏந்திக்கொண்டு, அவர் கஸ்பார் கர்வாலியோ அண்ணாவியாரின் வலைக்கொட்டகைக்குள் நுழைந்தார்.

அண்ணாவியார் என்பவர் நாடகத்தை எழுதுகிறவர்; பழக்குகிறவர்; மேடையில் நடிகனுக்குப் பின்னால் கொப்பி என்னும் நாடக ஏட்டோடு நின்று ஒவ்வொரு வரியையும் முதலில் தாம் எடுத்துக் கொடுக்கிறவர். அவர் கொடுக்காத வரியை நடிகன் வாய் திறந்து சொல்லக் கூடாது. மூன்று தலைமுறையாக அங்கே அதுவே சட்டம்.

கொட்டகைக்குள் ஒத்திகைக்கு வந்திருந்தவர்கள் ஆறேழு பேர். படகு என்ஜின் பழுதுபார்க்கும் லாரன்ஸ் முதலில் கண்டான்.

"ஏய், உபதேசியாரு வாறாரு. எல்லாரும் சட்டையப் போடுங்கவே. செப மந்திரம் ஒப்பிக்கச் சொல்லுவாரு."

சிரிப்பு எழுந்தது. அண்ணாவியார் மட்டும் சிரிக்கவில்லை. மடியில் கிடந்த வலையின் கிழிசலை முடிந்துகொண்டே தலையை நிமிர்த்தினார்.

"வாரும் உபதேசியாரே. என்ன காரியமா வந்தீரு?"

"நாடகத்துல எனக்கும் ஒரு வேஷம் வேணும்."

"எழுபது வயசுல வேஷம் கேட்டு வாறவன் மனசுல ஒரு கேள்வி இருக்கும். மொதல்ல அதக் கேளும்."

உபதேசியார் மற்றவர்களைப் பார்த்தார். அண்ணாவியார் கண்ணைக் காட்டினார். அவர்கள் பீடிக்கட்டுகளை எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள்.

"அண்ணாவியாரே, உம்ம பிள்ளை விசயத்துல அன்னைக்கு நான் செஞ்சது சரியா, தப்பா?"

அண்ணாவியாரின் விரல் முடிச்சில் நின்றது.

"முப்பத்தோரு வருசம் கழிச்சுக் கேக்குறீரு."

"கேக்காம இருக்க முடியல."

அந்த 'அன்றைக்கு' என்பது இது.

1956-ஆம் ஆண்டு, வைகாசி மாதம். ஊர்க் கிணறுகளெல்லாம் உப்பேறிக் கிடந்த காலம். அண்ணாவியாரின் மனைவி மர்த்தீனா எட்டாம் மாதத்திலேயே ஒரு பெண் பிள்ளையைப் பெற்றாள். பிள்ளை பிழைக்காது என்று கண்ட மருத்துவச்சி அகத்தம்மாள், சாமியாரை அழைக்க நேரமில்லாததால், தானே தலையில் நீர் ஊற்றி, சொல்ல வேண்டிய வார்த்தைகளைச் சொல்லி, ஞானஸ்நானம் கொடுத்தாள். ஆபத்து வேளையில் யாரும் கொடுக்கலாம் என்பது திருச்சபையின் சட்டம்.

அன்று பங்குச் சாமியார் வேறொரு கிளைக் கோவிலுக்குப் போயிருந்தார். பிள்ளையைக் கல்லறைத் தோட்டத்துக்குள் புதைக்க அனுமதி கொடுக்கும் பொறுப்பு நாற்பது வயது உபதேசியாரிடம் இருந்தது. அவர் ஞானோபதேசத்தைத் தலைகீழாகச் சொல்லக்கூடியவர். விசாரிக்காமல் ஒன்றும் செய்யமாட்டார். குடிசை வாசலில் நின்று விசாரித்தார்.

"என்ன வார்த்தை சொன்ன?"

"பிதா, சுதன், பரிசுத்த ஆவி பேரால உன்னைக் கழுவுறேன்னு சொன்னேன்."

"எந்தத் தண்ணி?"

அகத்தம்மாளின் முகம் மலர்ந்திருந்தது. நல்ல காரியம் செய்தவளின் முகம் அது.

"இளநி, உபதேசியாரே. மனுசக் கை படாத தண்ணி. அதவிடச் சுத்தம் உண்டா?"

கடல் நீர் செல்லும். கிணற்று நீர் செல்லும். மழை நீர் செல்லும். இளநீர் செல்லாது. அது காயின் சாறு என்பது அவர் படித்த சட்டம். ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தின் மந்திரித்த மண்ணில் இடம் கிடையாது.

அவர் அதைச் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"ஒரு ஆத்துமாவுக்கு மோட்சத்துக் கதவை உன் அறியாமையால அடைச்சுட்ட, அகத்தம்மா."

அவள் திரும்பிப் பார்த்தாள். பிள்ளையின் தகப்பனாகிய கஸ்பார், ஈரம் காயாத அரிவாள் ஒன்றைக் கையில் பிடித்தபடி வாசல் கம்பத்தோடு நின்றிருந்தான். அந்த அரிவாளைக் கண்டு உபதேசியார் இரண்டு அடி பின்வாங்கினார். இவன் என்னை வெட்டினாலும் வெட்டட்டும், சட்டத்தை வளைக்கமாட்டேன் என்று அன்று நெஞ்சுக்குள் பெருமையாகச் சொல்லிக்கொண்டதும் உண்டு.

பிள்ளை கல்லறைத் தோட்டத்தின் மேற்குச் சுவருக்கு வெளியே, மணலில் புதைக்கப்பட்டது. திரும்பி வந்த சாமியார், "சரியாகச் செய்தாய் இஞ்ஞாசி" என்று தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அகத்தம்மாள் கோவிலுக்கு வந்தாள். ஆனால் உள்ளே வரவில்லை. வெளியே கொடிமரத்தடி மணலில் அமர்ந்து பூசை கண்டாள். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. வெயிலானால் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள். மழையானால் ஒரு பனையோலைக் குடை. இனி ஒரு பிரசவத்துக்கும் போகமாட்டேன் என்றும் சொல்லிவிட்டாள்.

பத்து வருடம் கழித்து ஒருமுறை உபதேசியார் அவளருகே போய் நின்றார்.

"போதும் அகத்தம்மா. உள்ள வா."

"அந்தப் பிள்ளை வெளிய கெடக்கு உபதேசியாரே. நான் மட்டும் உள்ள வரவா?"

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. பூசைக்கு மணியடிக்கப் போகும்போதெல்லாம் அவளைக் கடந்தே போனார். முப்பது ஆண்டுகள் கடந்தார்.

சென்ற ஆண்டு தவக்காலத்தில் அவள் இறந்தாள். பிள்ளைக்குப் பக்கத்தில், மேற்குச் சுவருக்கு வெளியேதான் தன்னை வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். புதிதாக வந்திருந்த இளைய சாமியார் காரணம் கேட்டார். உபதேசியார் நடந்ததைச் சொன்னார். இளைய சாமியார் அன்போடு சிரித்தார்.

"அதெல்லாம் பழைய சட்டம் உபதேசியாரே. இப்ப நாங்க அப்படிப் பாக்குறதில்ல. பிள்ளைய ஆண்டவரோட இரக்கத்துல விட்டுருவோம்."

அன்று முதல்தான் உபதேசியாருக்குச் சோறு இறங்கவில்லை.

இவ்வளவையும் அவர் வலைக்கொட்டகையில் மறுபடியும் சொல்லி முடித்தார். அண்ணாவியார் ஊசியைக் கீழே வைத்தார்.

"சட்டம் மாறிப்போச்சுன்னு சாமி சொன்னாரு. அப்ப அவ உக்காந்த முப்பது வருசம்?"

"அதத்தான் நானும் கேக்குறேன்."

"எங்கிட்ட பதில் இல்ல. வேஷம் இருக்கு. எடுத்துக்கிடுதீரா?"

உபதேசியார் தட்டை நீட்டினார். அண்ணாவியார் ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டார். அதுவே சேர்ப்பு.

நாடகம் அயர்லாந்து தேசத்துக் கதை. முன்னொரு காலத்தில் அந்தப் பங்கில் இருந்த ஐரிஷ் சாமியார் ஒருவர், தம் ஊர்ப் புனிதக் கிணறுகளைப் பற்றியும், கடலோரத்தில் புதைக்கப்பட்ட பெயரில்லாப் பிள்ளைகளைப் பற்றியும் சொல்லக் கேட்டு வைத்திருந்தார் அண்ணாவியார். இரண்டு வருடத்துக்கு முன் மர்த்தீனா இறந்தபின் உட்கார்ந்து எழுதினார்.

கதை சுருக்கமானது. ஓர் ஊரில் ஒரு கிணறு. சனங்கள் கோவிலைவிட அந்தக் கிணற்றடியிலேயே அதிகம் முழந்தாளிடுகிறார்கள் என்று மேற்றிராணியாராகிய ஆயர் அதற்குச் சுவர் எழுப்பிப் பூட்டுகிறார். பனி உறைந்த ஒரு நாளில் பிள்ளை ஒன்று சாகக் கிடக்கிறது. பிரிஜித்தம்மாள் என்னும் கிழவி, நீர் கிடைக்காமல், பசுவின் பாலை ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கிறாள். மேற்றிராணியார் விசாரிக்கிறார். செல்லாது என்று தீர்ப்புச் சொல்கிறார்.

"இத நம்ம ஊருக் கதையா எழுதக் கூடாதா அண்ணாவி?" என்று லாரன்ஸ் ஒருநாள் கேட்டான்.

"நம்ம ஊருன்னா சாமி தடுப்பாரு. அயர்லாந்துன்னா மொத வரிசையில நாக்காலி போட்டு உக்காருவாரு."

உபதேசியார் மேற்றிராணியார் வேஷத்தை எதிர்பார்த்தார். உயரம் இருந்தது. கணீரென்ற குரல் இருந்தது. இலத்தீன் செபங்கள் இன்றும் மனப்பாடம். அண்ணாவியார் அந்த வேஷத்தின் தொப்பியை லாரன்சிடம் கொடுத்துவிட்டார்.

"உமக்குக் கிழவி."

"நானா?"

"மீசைய எடுத்துட்டு வாரும்."

"அண்ணாவியாரே, நாப்பது வருசம் உபதேசியாரா இருந்தவன் நான். ஊரு சிரிக்கும்."

"மேற்றிராணியார் வேஷம் உமக்கெதுக்கு? அத ஏற்கெனவே நடிச்சு முடிச்சுட்டீரே."

மறுநாள் உபதேசியார் மீசையில்லாமல் வந்தார்.

கேலிக்குக் குறைவில்லை. "பாட்டி, முந்தானை வழியுது" என்பான் ஒருவன். "அயர்லாந்துல கருவாடு உண்டுமா பாட்டி?" என்பான் இன்னொருவன். அங்கே எப்போதும் மழை என்று கேள்விப்பட்டு, கிழவியின் கையில் ஒரு கறுப்புக் குடையையும் கொடுத்திருந்தார்கள். எல்லாவற்றையும் உபதேசியார் பொறுத்துக்கொண்டார். ஒன்றில் மட்டும் தடுக்கி விழுந்தார்.

மேற்றிராணியார் கேட்பார்: "எதை ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தாய்?"

அண்ணாவியார் பின்னாலிருந்து எடுத்துக் கொடுப்பார்: "பாலை ஊற்றினேன், பிரபுவே."

உபதேசியாருக்கு நாக்கு எழாது. மறுபடி கொடுப்பார். மறுபடி நிற்கும்.

"அந்த வரிய மாத்திருங்க அண்ணாவியாரே."

"எப்படி?"

"அவர் கேக்காமலே தீர்ப்புச் சொல்லிட்டுப் போகட்டும்."

"நீரு கேட்டீரே ஓய். அவரும் கேக்கத்தான் செய்வாரு. சொல்லும்: பாலை ஊற்றினேன்."

"பாலை ஊற்றினேன், பிரபுவே" என்று பங்குனி முடிவதற்குள் ஒருவாறு சொல்லப் பழகினார். வேதபாடம் ஒப்பிக்கும் குரலில்தான் வந்தது. லாரன்ஸ் தலையில் அடித்துக்கொண்டான்.

"பாட்டி, பிள்ளை செத்த துக்கத்துல பேசும். பரீட்சை எழுதுற மாதிரி பேசாதேயும்."

அரங்கேற்றம் மே மாதம் பதினேழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணிக்கு, கோவில் முற்றத்தில் நடந்தது. வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும் என்பது சாமியாரின் கட்டளை. அவர் முதல் வரிசையில் நாற்காலியில் அமர்ந்திருந்தார். சனங்கள் ஓலைப்பாயும் சாக்கும் விரித்து முற்றம் முழுதும் நிறைந்தார்கள்.

மேடையில் ஏறி நின்ற உபதேசியார் ஒன்றைக் கண்டார். அவ்வளவு நெருக்கத்திலும் கொடிமரத்தடியில் ஒரு பாயகலம் மணல் காலியாகக் கிடந்தது. யாரும் அங்கே பாய் விரிக்கவில்லை. விரிக்காதே என்று யாரும் சொல்லவும் இல்லை.

கிணற்றைப் பூட்டினார்கள். பிள்ளை இறந்தது. அட்டைத் தொப்பியும் செம்பட்டு அங்கியுமாக லாரன்ஸ் வந்து நின்றான். பின்னால் அண்ணாவியாரின் தாழ்ந்த குரல் வரியைக் கொடுத்தது. லாரன்ஸ் முழங்கினான்.

"எதை ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தாய்?"

இனி உபதேசியாரின் வரி. அவர் காத்திருந்தார்.

வரி வரவில்லை.

திரும்பிப் பார்ப்பது வழக்கமில்லை. முதுகுக்குப் பின்னால் கொப்பியின் தாள் புரளும் ஓசைகூட இல்லை. லாரன்சின் கண் உருண்டது. முற்றத்தில் ஒரு குழந்தை இருமியது.

உபதேசியார் காலியாகக் கிடந்த மணலைப் பார்த்தார். அண்ணாவியார் கொடுக்காத ஒரு வரி அவர் வாயிலிருந்து வந்தது. நாடகத் தமிழில் அன்று. வேதபாடக் குரலிலும் அன்று.

"இளநி, சாமி. மனுசக் கை படாத தண்ணி. அதவிடச் சுத்தம் உண்டா?"

சென்ற ஆண்டு கேட்டதை மறந்துவிட்டிருந்த முன்வரிசைச் சாமியாருக்கு அது விளங்கவில்லை. அயர்லாந்தில் இளநீர் ஏது என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார். அவருக்குப் பின்னால் இருந்த வயதான பெண்களுக்கு விளங்கிற்று. ஒருத்தி சிலுவை அடையாளம் வரைந்துகொண்டாள். இன்னொருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

லாரன்ஸ் தன் தீர்ப்பு வரிக்காகக் காத்து நின்றான். அந்த வரியும் வரவில்லை. நெடுநேரம் கழித்துத் தாளம் மட்டும் ஒலித்தது. மங்களம் பாடி முடித்தார்கள். மேற்றிராணியார் தீர்ப்புச் சொல்லாமலே இறங்கிப் போன நாடகம் அந்தக் கரையில் அது ஒன்றுதான்.

வேஷம் கலைக்கும் இடத்தில் உபதேசியார் சேலையோடு நின்று கேட்டார்.

"வரிய ஏன் குடுக்கல?"

"குடுத்திருந்தா நீரு பாலுன்னு சொல்லியிருப்பீரு."

"தீர்ப்பையும் குடுக்கலியே."

அண்ணாவியார் கொப்பியை நூலால் கட்டிக்கொண்டிருந்தார். முடிச்சு விழவில்லை.

"இன்னும் என் கேள்விக்குப் பதில் சொல்லல நீங்க" என்றார் உபதேசியார்.

"பதில் சொல்ற ஆளா இருந்தா, அந்தத் தீர்ப்பு வரியக் குடுத்திருக்கமாட்டேனா?"

உபதேசியாருக்கு அது விளங்கவில்லை. தம்மை நோகடிக்க விரும்பாமல் ஆசிரியர் விலகிக்கொண்டதாக எண்ணினார். அந்த எண்ணத்தோடு ஒரு வாரம் போயிற்று.

அடுத்த ஞாயிறு காலை, இரண்டாம் பூசைக்கு முன்பு, உபதேசியார் கோவில் வாசல் வரை வந்தார். உள்ளே ஏறவில்லை. திரும்பி நடந்து கொடிமரத்தடிக்குப் போய், துண்டை மணலில் விரித்து, அகத்தம்மாள் அமர்ந்திருந்த இடத்தில் அமர்ந்தார்.

போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். சாமியார் ஆள் அனுப்பினார்.

"உபதேசியாரே, உள்ள முன்னால நாக்காலி போட்டிருக்கு. சாமி வரச் சொல்லுதாரு."

"நாக்காலி இருக்கட்டும். இங்க காது கேக்கும்."

ஆள் போனபின் ஒரு நிழல் அவர்மேல் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தார். அண்ணாவியார்.

"என்னவே, வெயில்ல உக்காந்திருக்கீரு?"

"எனக்குப் பதில் கெடைச்சுப்போச்சு அண்ணாவியாரே. தப்பு என்னுது. அவ உக்காந்த இடத்துல நான் உக்காருறதுதான் நியாயம்."

அண்ணாவியார் கடல் பக்கம் திரும்பி நின்றார்.

"அன்னைக்கு என் கையில ஒரு அரிவா இருந்துதே. ஞாபகம் இருக்கா?"

"எப்படி மறப்பேன்? என்னை வெட்டப்போறீருன்னு நெனச்சேன்."

"அது இளநி சீவுன அரிவா."

உபதேசியார் அவர் கையைப் பார்த்தார். அண்ணாவியார் தொடர்ந்தார்.

"அகத்தம்மா உள்ளருந்து தண்ணி கேட்டா. மூலைப் பானையில தண்ணி இருந்துது ஓய். உப்புத் தண்ணி. முதப் பிள்ளை, போற பிள்ளை, நல்லதாக் குடுப்போமேன்னு மர்த்தீனாவுக்கு வெட்டி வச்சிருந்த இளநிய எடுத்துச் சீவி, கிண்ணத்துல ஊத்திக் குடுத்தேன். இருட்டுக் குடிசை. அவ பாக்கல. தலையில ஊத்தி முடிச்ச பெறகு நான்தான் சொன்னேன், இளநின்னு. சந்தோசப்பட்டா."

"இளநின்னு மட்டுந்தானே எங்கிட்ட சொன்னா. யாரு எடுத்ததுன்னு..."

"அவ பொய் சொல்லல. நீரு கேக்கல. அவகிட்ட எல்லாம் கேட்டீரு. எங்கிட்ட ஒண்ணும் கேக்கல."

"நீங்க சொல்லியிருக்கலாமே."

"மோட்சக் கதவை அடைச்சுட்டன்னு நீரு சொன்னதும் அவ திரும்பி என்னைப் பாத்தா. உள்ள மர்த்தீனா கண்ணை மூடிக் கெடந்தா. காது தொறந்துதான இருந்துது. புருசன் கையாலதான் கதவு அடஞ்சுதுன்னு அவ கேட்டுறக் கூடாது. வாயத் தொறக்காதன்னு அகத்தம்மா பார்வையாலே சொன்னா. நானும் தொறக்கல."

கோவிலுக்குள் பாட்டு தொடங்கியது. அண்ணாவியார் குரலைத் தாழ்த்தவில்லை.

"மர்த்தீனா செத்தப்புறமாவது தொறந்திருக்கலாம். அகத்தம்மா அப்ப உசுரோட இங்கதான் உக்காந்திருந்தா. நாடகம் எழுதிக்கிட்டு இருந்தேன். அவ போயி ஒரு வருசமாச்சு. ஞாயித்துக்கிழமை தோறும் இந்த மணலப் பாத்துக்கிட்டே உள்ள போறேன்."

உபதேசியார் எழ முயன்று, அவர் கையைப் பிடிக்கப் போனார். அண்ணாவியார் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"எந்திரிக்காதேயும். கொஞ்சம் தள்ளி உக்காரும். அது என் இடம்."

உபதேசியார் துண்டை இழுத்துக்கொண்டு தள்ளி அமர்ந்தார்.

அது 1987-ஆம் ஆண்டு, மே மாதம், இருபத்து நான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.